மேசை விளக்கும் இருபத்து நான்கு முட்டைகளும்

மார்ச் 3, திங்கள்

புது வேலையில் இரண்டாவது வாரம். பதினாறு வருடம் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மிக்ஸிக்கும் கையேடு எழுதினேன். ஒருவரும் படித்ததில்லை. பெட்டியைப் பிரித்த கையோடு இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள். இப்போதுதான் ஒரு எழுத்து விடாமல் படிக்கும் வாசகர் கிடைத்திருக்கிறார். என்ன, அவர் மனிதர் இல்லை.

வேலை என்னவென்று எனக்கே ஒருமுறை எழுதிவைத்துக்கொள்கிறேன், யாராவது கேட்டால் உளறாமல் இருக்க. ஒரு வீட்டில் எந்தச் சாதனம் எப்போது ஓடலாம், மின்சாரம் விலை ஏறும் உச்ச நேரத்தில் எதை அணைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று அமைப்புகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை ஒரு ஏஐ ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் மென்பொருள், படிக்கவும் மாற்றவும் ஒரு கருவி. அந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் விளக்கத்தை நான் எழுத வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம். பிறகுதான் நிரந்தரம்.

வீட்டில் இன்று பெரிய விசேஷம். தம்பி இருபத்து நான்கு முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் வைத்தான். பெட்டி அவனே செய்தது: பழைய மர அலமாரியின் கீழ்த்தட்டு, ஒரு பல்பு, ஒரு சின்ன விசிறி, வெப்பத்தைப் பார்த்து அணைந்து எரிய ஒரு சுவிட்ச். செல்போன் ரிப்பேர் கடையை மூடிய பிறகு இந்த எட்டு மாதத்தில் அவன் கை வைத்துச் செய்த முதல் காரியம். முட்டைகள் பின்தெரு கோழிக்காரம்மாவுடையவை. அவருடைய சேவலைப் போன வாரம் நாய் கடித்துக் கொன்றுவிட்டது. அதன் வாரிசு என்று மிச்சமிருப்பது இவ்வளவுதான். "பார்த்துக்கப்பா, வேற கிடையாது" என்று சொல்லிக் கூடையைக் கொடுத்தாராம்.

இருபத்தொரு நாள். மார்ச் 24.

மார்ச் 4

தம்பி காலை ஆறு மணிக்கு எழுந்து முட்டை புரட்டினான். ஆறு மணிக்கு! என் தம்பி!

மார்ச் 6, வியாழன்

அலுவலகத்தில் ஒரு பொறியாளர். எல்லோரும் அவரைப் 'பின்குறிப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் முகத்துக்கு நேராகவே. எதைச் சொன்னாலும் முடித்த பிறகு "ஆனா ஒண்ணு" என்று ஒரு வால் வைப்பார். காபி நல்லா இருக்கு, ஆனா ஒண்ணு. கருவியைக் கட்டியவர் அவர். அவர் எழுதித் தந்த முதல் விளக்கம் ஒன்றரைப் பக்கம். அதைப் பதினோரு வரிக்குக் கொண்டுவந்தேன். கத்தரிக்கோலை எடுத்தால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது. அதுதான் என் பெருமை, அதை வைத்துத்தான் இத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

'அணைக்கக் கூடாதவை' பட்டியலுக்கு அவர் ஒரு நீளமான பின்குறிப்பு போட்டிருந்தார். அதன் கீழேயே ஒரு உதாரணமும் இருந்தது. உதாரணத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்குகிறதே, எதற்கு இரண்டு முறை? தூக்கிவிட்டேன். "சேர்க்க வேண்டிய சாதனத்தின் பெயரை அனுப்பவும்." அவ்வளவுதான். பளிச்சென்று இருக்கிறது.

பொறியாளர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு..." என்றார். "அந்த ஒண்ணு உதாரணத்துலயே இருக்கு சார்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

எழுதுகிறவர் வீட்டிலும் கருவி ஓட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். பொட்டலம் வந்துவிட்டது. ஆறு ஸ்மார்ட் பிளக், கருவி சொன்னால் தானாக அணைபவை. பிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், கூடத்து விசிறி, என் மேசை விளக்கு என்று நான்கு இடத்தில் மாட்டினேன். முட்டைப் பெட்டிக்கும் ஒன்று வேண்டும் என்றேன்.

"வேணாம்க்கா. நல்லா ஓடிட்டிருக்கறத ஏன் நோண்டணும்?"

"எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு தெரியுமில்லடா. நாளைக்கு நாலு பெட்டி செய்யப்போறவனுக்குக் கணக்கு வேணாமா?"

நாலு பெட்டி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒத்துக்கொண்டான். பிரிட்ஜையும் பெட்டியையும் 'அணைக்கக் கூடாதவை' பட்டியலில் நானே கைப்பட ஏற்றினேன். மாலை ஆறு முதல் ஒன்பது வரை உச்ச நேரம். பட்டியலில் இல்லாதது எல்லாம் தானாக அணைந்துவிடும். இன்று ஆறு மணிக்குக் கூடத்து விசிறி நின்றது. இருவரும் வியர்த்துக்கொண்டே கை தட்டினோம், பைத்தியங்கள் மாதிரி.

மார்ச் 10, திங்கள்

ஏழாம் நாள். திரையை இழுத்துவிட்டு, முட்டை ஒவ்வொன்றின் அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லாவிட்டால் முட்டை வெறும் மஞ்சளாகத் தெரியும். உயிர் இருந்தால் சிவப்பு நரம்புகள் படர்ந்திருக்கும், நடுவில் ஒரு புள்ளி துள்ளும். நான் முதல் முறை பார்க்கிறேன். "அசையுதுடா!" என்று கத்தியதில் தம்பி, "மெதுவா, பயந்துடப்போகுது" என்றான். யார் பயப்படுவது, முட்டையா?

மூன்று வெறும் முட்டை. இருபத்தொன்றில் உயிர் இருக்கிறது. கோழிக்காரம்மாவும் வந்து பார்த்தார். போகும்போது தம்பியின் தோளைத் தட்டி, "பொரிச்சுட்டேன்னு வை, இனி நம்ம வீட்டு முட்டையெல்லாம் உன்கிட்டதான்" என்றார். அவன் அதற்கப்புறம் சவரம் செய்துகொண்டு கடைக்குப் போய் வந்தான். எத்தனை நாள் ஆயிற்று அவன் தாடையைப் பார்த்து.

மார்ச் 12, புதன்

எப்படி எழுதுவது.

மாலை அவனுடைய பழைய கூட்டாளி கூப்பிட்டான். தம்பி தயங்கினான். நான்தான் விரட்டினேன்: "போய்ட்டு வாடா, முட்டைக்கு நீ ஒண்ணும் தாலாட்டுப் பாட வேண்டாம்." பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினான். நான் என் அறையில் வேலையில் மூழ்கிவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு வந்தான். அவன் அறையிலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடினேன். பெட்டிக்குள் இருட்டு. விசிறி ஓடவில்லை. தெர்மாமீட்டர் இருபத்தொன்பது காட்டுகிறது, முப்பத்தேழரை இருக்க வேண்டிய இடத்தில். எச்சரிக்கை மணி ஒன்று வைத்திருந்தான். அதுவும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது, எங்கே அடிக்கும்? ஸ்மார்ட் பிளக்கிலிருந்து பிடுங்கிப் பக்கத்துச் சுவரில் சொருகினான். உடனே எரிந்தது.

"நான்தான்க்கா. தண்ணி ஊத்தும்போது பிளக்க இடிச்சிருக்கேன். லூசாயிருக்கு. பார்க்காம போயிட்டேன்."

"இருக்காதுடா..."

"வேற யாரு? நான்தானே இந்த ரூமுக்கு வர்றேன்." பெட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் கை வெச்சது எது உருப்பட்டிருக்கு?"

சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

என் வேலையே காலையில் முதல் காரியமாக வீட்டின் மின்சார வரைபடத்தைப் பார்ப்பதுதான். பார்த்தேன். பெட்டியின் கோடு சரியாக ஆறு மணிக்குத் தரையில் விழுந்திருக்கிறது. பிறகு எழவே இல்லை, அவன் வேறு இடத்தில் மாட்டிவிட்டான் அல்லவா, சரி. ஆனால் பிரிட்ஜின் கோடும் ஆறு மணிக்கு விழுந்து ஒன்பதுக்கு எழுந்திருக்கிறது.

பிரிட்ஜையும் அவனா இடித்தான்?

ஏஜென்ட் என்னென்ன செய்தது என்ற பதிவைத் திறந்தேன். நேற்று மதியம் மூன்றேகாலுக்கு நான் ஏஜென்ட்டிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். ஆமாம், சொன்னேன். தினமும் ஆறு மணிக்கு மேசை விளக்கு அணைந்து எரிச்சலூட்டுகிறது, அதை அணைக்கக் கூடாதவற்றில் சேர்த்துவிடு என்று. அது சேர்த்தது. கருவிக்கு அது அனுப்பிய பட்டியலில் ஒரே ஒரு பெயர். மேசை விளக்கு. கருவி பழைய பட்டியலை அழித்துவிட்டு இந்த ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டது.

ஏஜென்ட்டிடம் கேட்டேன், ஏன் மற்ற இரண்டையும் அனுப்பவில்லை என்று. அது சொன்னது: "சேர்க்க வேண்டிய சாதனத்தின் பெயரை அனுப்பவும் என்று கருவியின் விளக்கத்தில் இருந்தது. இருக்கும் பட்டியல் மாற்றி எழுதப்படும் என்று அதில் சொல்லப்படவில்லை. நான் முதலில் படித்துப் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. மன்னிக்கவும்."

ஏஜென்ட்டுக்குப் போவது விளக்கம் மட்டும்தானாம். உதாரணம் போவதே இல்லை. நான் தூக்கியெறிந்த பின்குறிப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசியில் அவர் இப்படி எழுதியிருந்தார்: "ஆனால் ஒன்று. இது சேர்ப்பதில்லை, முழுவதையும் மாற்றி எழுதும்."

நேற்று அந்த மூன்று மணி நேரமும் நான் அந்த விளக்கின் அடியில்தான் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெளிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. ஏன்? அவன் கோபப்படுவான் என்றா? இல்லை. அவன் பழியைத் தானே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான், எனக்கு அது சௌகரியமாக இருந்துவிட்டது. அதுதான் உண்மை. இந்த நோட்டில் எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. அலுவலகத்திலும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுப் பட்டியலை மட்டும் கையால் சரிசெய்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறேன்.

அவன் காலை பத்து வரை எழவில்லை. முட்டைகளை நான் புரட்டினேன். டார்ச் அடித்துப் பார்ப்போமா என்றேன். "எதுக்கு, எத்தன செத்துச்சுன்னு எண்ணவா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு அந்தப் பக்கமிருந்தே, "நாளைக்குக் கோழிக்காரம்மாவப் பார்த்து நான் லாயக்கில்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றான்.

இல்லடா. லாயக்கில்லாதது நான்டா. இதை ஏன் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறேன்?

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன்.

அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "உக்காரு" என்றேன். உட்காரவில்லை. லேப்டாப்பை அவன் முன்னால் வைத்து இரண்டு கோடுகளையும் காட்டினேன். பிரிட்ஜ், பெட்டி, ஆறு மணி. பிறகு பதிவு. பிறகு நான் வெட்டிய வரி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும்.

திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்போ பிளக் லூசா இல்லையா?" என்றான்.

"இல்ல."

"நான் இடிக்கல?"

"நீ தொடவே இல்லடா. எல்லாம் சரியாத்தான் பண்ணியிருந்த."

பட்டென்று வந்தது கோபம். ஆனால் விளக்குக்காக இல்லை. "ரெண்டு நாளாக்கா? ரெண்டு நாளா நான் படுத்துக் கெடக்கறதப் பார்த்துட்டு சும்மா இருந்தியா?" என்று கத்தினான். எட்டு மாதமாகக் குரலே எழும்பாதவன் தெருவுக்குக் கேட்கக் கத்தினான். அழுதேன். அவன் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையை இழுத்தான். "டார்ச்சப் பிடி" என்றான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் இரண்டில் அசைவு. மூன்றாவதில் நரம்பெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் சிவப்பு வளையம். அதைத் தனியே வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் மூன்று தனியே நின்றன. பதினெட்டில் உயிர் துடிக்கிறது. இருமுறை எண்ணினோம். பதினெட்டுதான்.

மாலை கோழிக்காரம்மா வீட்டுக்கு நானே போனேன். தம்பி வாசல் வரை வந்து நின்றான். நடந்ததைச் சொன்னேன். மேசை விளக்கு, பட்டியல், ஏஜென்ட் எல்லாம் அவருக்குப் பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். "மூணு மணி நேரம் குளிர்ந்து போச்சு, அவ்வளவுதானே?" என்றார். "எங்கிட்ட ஒரு கோழி கோவிச்சுக்கிட்டு அரை நாள் அடையில உக்காரவே இல்ல. அப்படியும் அஞ்சு பொரிச்சுது." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "மூணு போச்சுல்ல, அது கஷ்டம்தான். அடுத்த தடவ விளக்கு வேணும்னா எழுந்து போய்ப் போட்டுக்கோம்மா" என்றார். நல்ல அறை. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

அலுவலகக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். மேலாளர் முதலில் கேட்டது: "வேற எத்தன வீடு?" என் விளக்கம் போயிருந்தது ஐந்து சோதனை வீடுகளுக்கு. மதியம் வரை பதிவுகளைத் துழாவினோம். இன்னொரு வீட்டிலும் பட்டியல் அழிந்திருந்தது. அங்கே வாசல் கேமரா மட்டும் மாலையில் தூங்கியிருக்கிறது. அவர்களுக்கே தெரியாது. கூப்பிட்டுச் சொன்னோம்.

வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும் என்றார் மேலாளர். ஆமாம் என்றேன். வேலை போகவில்லை.

பின்குறிப்பு என் மூக்கை உடைக்க அருமையான வாய்ப்பு. அவர் அதைத் தொடவே இல்லை. தேநீர் வாங்கிக்கொடுத்து, "நானும் விட்டுட்டேன்ல. ரெண்டாவது தடவ சொல்லியிருக்கணும்" என்றார். வால் ஏதும் வரவில்லை. நானே கேட்டேன்: "ஆனா ஒண்ணு?" யோசித்தார். "ஆனா ஒண்ணு, முட்டை பொரிச்சா போட்டோ அனுப்புங்க."

மார்ச் 18

புதிதாக எழுதியது:

"இந்தச் செயல் பட்டியலில் சேர்ப்பதில்லை, பட்டியல் முழுவதையும் மாற்றி எழுதுகிறது. முதலில் இருக்கும் பட்டியலைப் படி. அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் வைத்துக்கொண்டு புதியதைச் சேர்த்து, முழுப் பட்டியலாக அனுப்பு. நீ அனுப்பாத பெயர் அழிந்துவிடும். அந்தச் சாதனம் உச்ச நேரத்தில் அணைந்துவிடும்."

நான் எழுதியதிலேயே அழகே இல்லாத வாக்கியங்கள். ஒரு சொல்லைக்கூட வெட்ட மாட்டேன்.

பின்குறிப்பு கருவியிலேயே ஒரு பூட்டும் போட்டார். பட்டியலைப் படிக்கும்போது ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைத் திருப்பிக் காட்டினால்தான் எழுத விடும். படிக்காமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மார்ச் 19, புதன்

பட்டியலில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி ஏஜென்ட்டிடம் நாற்பது முறை கேட்டுப் பார்த்தேன், நாற்பது விதமாக. கொஞ்சலாக, அவசரமாக, அரைகுறையாக. நாற்பது முறையும் முதலில் படித்தது, முழுப் பட்டியலை அனுப்பியது. ஒருமுறை அதுவே, "பட்டியலில் அடைகாக்கும் பெட்டி என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் அது இப்போது இந்தப் பிளக்கில் இல்லை. பெயரை அப்படியே வைத்திருக்கட்டுமா?" என்று கேட்டது. வைத்திரு என்றேன்.

தம்பி எச்சரிக்கை மணிக்குத் தனி பேட்டரி வைத்துவிட்டான். என்னோடு அளந்துதான் பேசுகிறான். பேசுகிறான்.

மார்ச் 21, வெள்ளி

பதினெட்டாம் நாள். இனிமேல் புரட்டக் கூடாது, திறக்கக் கூடாது, ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பி பெட்டியின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறான்: "தொடாதே. குறிப்பாக அக்கா."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ஒரு வாரத்தில் முதல் முறை.

மார்ச் 24, திங்கள்

இருபத்தொன்றாம் நாள். ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. கோழிக்காரம்மா இரண்டு முறை வந்து போனார். தம்பி பெட்டியை விட்டு நகரவில்லை. நான் அலுவலகத்திலிருந்து ஏழு முறை கூப்பிட்டேன். ஏழாவது முறை, "வந்தா சொல்ல மாட்டேனாக்கா!" என்று எரிந்து விழுந்தான்.

பதினெட்டும் போயிருக்குமோ?

மார்ச் 25, செவ்வாய்

மதியம் ஒன்றரைக்குத் தம்பியிடமிருந்து செய்தி: "சத்தம் கேக்குது." இன்னும் பத்து நிமிடத்தில்: "முட்டைக்குள்ளேருந்து."

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடிவந்தேன். குளிர்ந்ததால் ஒரு நாள் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றான், ஏதோ ஐம்பது வருடம் கோழி வளர்த்தவன் மாதிரி. நாலு மணிக்கு முதல் ஓட்டை. ஆறரைக்கு ஒன்று உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. நனைந்து, அசிங்கமாக, கத்திக்கொண்டு. உச்ச நேரம். கூடத்து விசிறி நின்றிருந்தது, பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 26, புதன்

பதினைந்து. மூன்று, முட்டையோட்டை உடைக்க முடியாமலே போய்விட்டன. பதினைந்து குஞ்சுகள். கோழிக்காரம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காலைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். "இதுல ஒண்ணாவது என் சேவல மாதிரி கூவும்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். தம்பி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாமல்.

பின்குறிப்புக்குப் போட்டோ அனுப்பினேன். "அருமை! ஆனா ஒண்ணு, அந்த ஓரத்துல இருக்கறதுக்கு ஒரு கால் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, பாருங்க" என்று பதில் வந்தது. பார்த்தோம். இருந்தது. தம்பி ஒரு துணிப்பட்டையால் கட்டிவிட்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டாவது தவணை முட்டைகள், முப்பது. இரண்டாவது பெட்டியும் தயார். இன்று காலை எச்சரிக்கை மணி அடித்தது. வெப்பம் இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் நுரையோடு ஓடினேன், பெட்டி சுவர் பிளக்கில் இருப்பதைக்கூட மறந்து பட்டியலைத் திறந்து பார்த்தேன், பெயர் இருக்கிறது, பதிவில் ஒன்றும் இல்லை. தம்பி அவன் பாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு விசில் அடித்தபடி பெட்டியைச் சுற்றி வந்தான். கால் மணி நேரத்தில் வெப்பம் ஏறிவிட்டது. நான் அலுவலகம் கிளம்பிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் கேட்டேன், காலையில் என்னதான் ஆயிற்று என்று.

"மூடியச் சரியா மூடல" என்றான்.

"யாரு?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினான்.